பலி உயரும் என்று யார் எதிர்பார்க்கிறார்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். 'பலி எண்ணிக்கை மேலும் உயரும் என எதிர்பார்க்கப்படுகிறது.' நிலநடுக்கம், வெள்ளம், ரயில் விபத்து என எது நடந்தாலும் தமிழ்ச் செய்திகளில் இந்த வாக்கியம் தவறாமல் வந்துவிடுகிறது. உங்கள் செய்திப் பிரிவினர் இனி இதைக் கண்டால் அடித்துத் திருத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதம்.

செய்தி முகமைகளின் ஆங்கிலத்திலிருந்து வந்த பழக்கம் இது. ஆங்கிலத்தின் 'எக்ஸ்பெக்ட்' நல்லதற்கும் கெட்டதற்கும் பொது. நம் 'எதிர்பார்' அப்படியல்ல. 'எதிர்' என்பது முன்னால் இருப்பது. இனி வரப்போகும் காலமும் அதுவே. நன்னூல் முக்காலத்தை 'இறப்பு எதிர்வு நிகழ்வு' என்றே எண்ணுகிறது. அதோடு 'பார்' சேரும்போது வெறும் கணிப்பு மட்டும் வருவதில்லை, விருப்பமும் கூடவே வருகிறது. 'வருவிருந்து பார்த்திருப்பான்' என்ற குறளில் (86) இருக்கும் பார்வை, விருந்தினர் வரவேண்டுமே என்று வாசலில் நிற்பவனின் பார்வை. தீவிரச் சிகிச்சையில் இருப்பவரைப் பற்றி, 'இந்த வாரத்துக்குள் இறந்துவிடுவார் என எதிர்பார்க்கிறோம்' என்று அவர் வீட்டில் யாராவது சொல்லிப் பார்க்கட்டும். சொல்லின் குணம் உடனே தெரிந்துவிடும்.

எதிர்மறையில் மட்டும் இந்த விருப்பம் கழன்றுவிடுகிறது. 'எதிர்பாராத விபத்து', 'எதிர்பாராத பரிசு' இரண்டுமே நல்ல தமிழ். 'எதிர்பாராமல் நடந்த சாவு' சரியாக இருப்பதால் 'எதிர்பார்க்கப்படும் சாவு' என்பதும் சரி என்று தோன்றிவிடுகிறது. குழப்பத்தின் வேர் இங்கேதான் என்பது என் கருத்து.

வேற்றுமை உருபும் கவனிக்க வேண்டியது. 'அவரை எதிர்பார்த்தேன்' என்றால் வரவுக்காகக் காத்திருந்தேன். 'அவரிடம் எதிர்பார்த்தேன்' என்றால் அவர் தரவேண்டியது, செய்யவேண்டியது ஏதோ இருக்கிறது; உரிமையும் சில நேரம் ஏமாற்றமும் அதில் உண்டு. 'அவர் வருவார் என எதிர்பார்த்தேன்' என்பது நம்பிக்கை. மூன்றிலும் எதிர்பார்ப்பவர் ஒருவர் இருக்கிறார். 'எதிர்பார்க்கப்படுகிறது' என்று 'படு' சேர்த்ததும் அவர் காணாமல் போகிறார். அமைச்சரா, மீட்புப் படையினரா, செய்தியாளரா? வாசகருக்குத் தெரிய வேண்டியது அதுதான்.

திருத்துவது கடினமில்லை. முதலில், சொன்னவர் யார் என்று தேடி அவரையே எழுவாயாக்குங்கள்: 'பலி மேலும் உயரக்கூடும் என்று மீட்புக் குழுவினர் அஞ்சுகின்றனர்.' சொன்னவர் கிடைக்காவிட்டால் வெறும் 'உயரக்கூடும்' போதும். கணக்கிட்டுச் சொன்னதென்றால் 'கணித்துள்ளது', நாள் குறித்துவிட்ட விழா என்றால் 'நடக்கவுள்ளது'. இலங்கைத் தமிழ் இதழ்கள் 'எதிர்வரும் 15ஆம் திகதி' என்று எழுதுவதில் 'எதிர்' அழகாகவும் விருப்பு வெறுப்பின்றியும் நிற்கிறது. ஆனால் 'எதிர்பார்ப்பு'க்குப் பதில் 'பலி உயர வாய்ப்பு' என்று மாற்றிவிடாதீர்கள். வாய்ப்பது என்றால் நன்றாக அமைவது; அங்கும் அதே பிழை.

மழைச் செய்திக்கு வருகிறேன். 'கனமழைக்கு வாய்ப்பு' என்பது நிலைத்துவிட்டது. மழைக்கு ஏங்கும் ஊரில் அது பொருந்தவும் செய்கிறது. ஆனால் 'தமிழகத்தில் கனமழை எதிர்பார்ப்பு' என்ற தலைப்பு வானிலை ஆய்வு மையம் அளந்து சொன்னதை அழித்துவிடுகிறது. அறிக்கையில் 'கனமழை' என்றால் 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ., 'மிக கனமழை' 12 முதல் 20 செ.மீ., 'அதி கனமழை' 21 செ.மீ.யும் அதற்கு மேலும். 'ஓரிரு இடங்களில்' என்பதும் ஒப்புக்குச் சொல்வதல்ல. அந்தப் பகுதியின் மழை அளவீட்டு நிலையங்களில் கால் பங்குக்கு மேற்படாமல் என்று பொருள். தலைப்பில் மாவட்டத்தின் பெயரும் 'ஓரிரு இடங்களில்' என்பதும் இருந்தால், மறுநாள் தன் தெருவில் தூறல்கூட விழாத வாசகர் 'கணிப்பு பொய்த்தது' என்று சொல்ல மாட்டார்.

பொருளாதாரப் பக்கத்தில் நிலைமை தலைகீழ். அங்கே 'எதிர்பார்ப்பு' சரியாகப் பொருந்தும் இடம் ஒன்று இருக்கிறது. ரிசர்வ் வங்கி குடும்பங்களைக் கேட்டு, விலைவாசி அடுத்த 3 மாதத்திலும் ஓராண்டிலும் எப்படி இருக்கும் என்று அவர்கள் நினைப்பதைத் திரட்டுகிறது. அது மக்கள் மனத்தில் இருப்பது என்பதால் 'பணவீக்க எதிர்பார்ப்பு' எனலாம். நாணயக் கொள்கை அறிவிப்பில் வங்கியே வெளியிடும் எண்ணோ 'பணவீக்கக் கணிப்பு'. இரண்டையும் ஒரே பெயரில் எழுதினால், மக்கள் சொன்ன விகிதத்தை வங்கி சொன்னதாக வாசகர் எடுத்துக்கொள்வார். பொதுவாக மக்கள் சொல்வது வங்கியின் கணிப்பைவிடக் கூடுதலாகவே இருக்கும் என்பதால் இது சின்னப் பிழையல்ல.

கடைசியாக மணமாலை விளம்பரங்கள். 'எதிர்பார்ப்பு: பட்டதாரி, அரசுப் பணி' என்பதில் தவறில்லை. 'எதிர்பார்ப்பு இல்லை' என்று அச்சிடும்போதோ அது வரதட்சணையைக் குறிக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டத்தில் 4ஆம் பிரிவு, கேட்பதையே குற்றமாக்குகிறது. 'கேட்கவில்லை, எதிர்பார்க்கிறோம்' என்று அந்தக் குற்றத்துக்கு இந்தச் சொல் திரை போடுகிறது. விளம்பரப் பிரிவினர் இந்த வரியை வாங்கும்போது 'வரதட்சணை வேண்டாம்' என்று வெளிப்படையாக மாற்றித் தரும்படி கேட்கலாம். சொல் எண்ணிக்கை மாறாது, கட்டணமும் கூடாது.

இப்படிக்கு,
தங்கள் இதழின் நெடுநாள் வாசகர்,
தஞ்சாவூர்