தங்கச்சி, ஒரு வருஷக் கணக்கு முடிந்தது

தங்கச்சி,

நீங்கள் இந்தியாவில் நீலகிரிக் கூடலூரிலிருந்து வீடு வந்து இன்றோடு ஒரு வருஷம். உனக்கு ஞாபகம் இருக்காது. நான் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தேன். மலேரியா உள்ள நாட்டுக்குப் போய் வந்தவருக்கு ஒரு வருஷத்துக்குள் எந்தக் காய்ச்சல் வந்தாலும் இரத்தம் பார்க்க வேண்டும் என்பது மலேரியா பார்க்கும் எங்கள் வேலையில் விதி. அந்தக் கணக்கு இன்றைக்கு முடிகிறது. போனை நீ எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

தமிழ்நாடு அரசின் டேன்டீ தேயிலைத் தோட்ட லயத்துப் (தொழிலாளர் வரிசை வீடுகள்) பிள்ளைகளுக்கு நீங்கள் நாற்பது நாள் மாலை வகுப்பு எடுத்ததைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. சொந்தக்காரர்கள் பாதிப் பேர் இதை வாசிப்பார்கள். தவணை நடுவில் பிள்ளைகளைக் கூட்டிப்போனது சரியா என்று ஆளுக்கொரு தீர்ப்பு வைத்திருக்கிறார்கள். என்னுடையது என்னோடு இருக்கட்டும்.

ஆஸ்பத்திரியில் அந்த ஓ.பீ.டி. (வெளிநோயாளர்) வரிசையைத்தான் சொல்ல வேண்டும். நீங்கள் வந்து பதினேழாம் நாள். சின்னவன் உன் தோளில் கொதிக்கிறான். நர்ஸ் கேட்டதும் நீ "சளிக் காய்ச்சல், பனடோல் கொடுத்தோம்" என்கிறாய். வேறொன்றும் சொல்லவில்லை. பின்னால் நின்ற நான், அதுவும் சிங்களத்தில், சத்தமாக: "இவங்க இந்தியாவிலிருந்து வந்தவங்க." வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. நீ என்னைப் பார்க்கவில்லை. இன்றுவரை பார்க்கவில்லை.

1948இல் இலங்கை அரசு பிரஜாவுரிமையைப் பறித்து, 1964 ஒப்பந்தத்தில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்பிவிடுவதென்று எழுதி, மிச்சம் இருந்தவர்களை 2003 வரை இழுத்தடித்த நம் மலையகச் சனத்துக்கு அந்த வாக்கியம் எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரியாதா? கள்ளத்தோணி (களவாய்த் தோணியில் வந்தவன்) என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம். அங்கே போனவர்களுக்கு இன்னும் 'சிலோன்காரங்க' என்றுதான் பெயர். அவர்கள் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தவளை நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. மன்னித்துக்கொள். சொன்ன விதத்துக்குத்தான் மன்னிப்பு, விஷயத்துக்கு இல்லை.

காய்ச்சல் என்றால் இங்கே முதலில் டெங்குவுக்குத்தான் பார்ப்பார்கள். எஃப்.பி.சி. (முழு இரத்த அணு எண்ணிக்கை) எடுப்பார்கள், பிளேட்லெட் இறங்கியிருந்தால் டெங்கு என்று முடிவு கட்டிவிடக்கூடும். மலேரியாவிலும் பிளேட்லெட் இறங்கும். நம் நாட்டில் உள்ளூர் மலேரியா 2012 அக்டோபரோடு நின்றுவிட்டது, 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழும் தந்துவிட்டது. இளம் டாக்டர்கள் பலர் மலேரியா நோயாளியைக் கண்ணால் கண்டதில்லை. பயணத்தை நீ சொன்னால்தான் அவர்களுக்கு அந்த யோசனையே வரும். நீ சொல்லவில்லை.

நுவரெலியாக் குளிரில் ஏது மலேரியா என்று பிறகு கேட்டாயாம். உண்மைதான். 16 பாகைக்குக் கீழே போனால் கொசுவின் வயிற்றில் அந்தக் கிருமி வளராது. ஆனால் வந்த மறுவாரமே பிள்ளைகளோடு மொனராகலைக்குப் போனாயே, அங்கே என்ன குளிர்? 1963இல் இந்த நாடு முழுவதற்கும் 17 மலேரியா நோயாளிகள்தான். ஒழிந்தது என்று தடுப்பு வேலையைக் கைவிட்டார்கள். 1969இல் ஐந்து லட்சத்தைத் தாண்டியது. நீங்கள் தங்கிய சென்னையில் தண்ணீர்த் தொட்டியில் முட்டையிடும், மலேரியா பரப்பும் அனோபிலிஸ் ஸ்டெபென்சி கொசு, 2016 கடைசியில் மன்னாரிலும் பிடிபட்டது. கொசு இங்கே காத்துக்கொண்டுதான் இருக்கிறது. கிருமியை யாராவது கொண்டுவந்தால் போதும்.

மலேரியா வராமல் தடுக்கும் மாத்திரை விஷயத்தில் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. வாரத்துக்கு ஒன்று, போவதற்கு ஒரு வாரம் முன்பே தொடங்கி, திரும்பிய பிறகும் நாலு வாரம். வீடு வந்ததும் கசக்கிறது என்று பிள்ளைகளுக்கு நிறுத்திவிட்டாய். அந்த மாத்திரை ஈரலில் இருக்கும் கிருமியைத் தொடாது, இரத்தத்துக்கு இறங்கிய பிறகுதான் கொல்லும். கடைசி நாள் கடித்த கொசுவுக்காகத்தான் அந்த நாலு வாரம். வைவாக்ஸ் வகை மலேரியாக் கிருமி ஈரலிலேயே மாசக்கணக்கில் தூங்கும். நான் ஒரு வருஷம் எண்ணியது அதற்காக.

 

முதல் இரத்தப் படலத்தில் ஒன்றுமில்லை என்றதும் சின்னவனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். ஒரு துளி போதாது. கண்ணாடியில் தடித்த படலம் கிருமி இருக்கிறதா என்று பார்க்க, மெல்லிய படலம் எந்த வகை என்று பார்க்க. அதில் இல்லையென்றால் 12 முதல் 24 மணி நேரம் விட்டு மறுபடி, மொத்தம் மூன்று தரம். மிச்ச இரண்டையும் எடுக்க உன் வீட்டுக்கு வந்தபோது நீ உள்ளேயே இருந்தாய். பெரியவள்தான் தம்பியின் விரலைப் பிடித்துக்கொண்டாள். ஊசி குத்தும்போது அவள்தான் கண்ணை மூடினாள், அவன் மூடவில்லை.

மூன்றிலும் ஒன்றுமில்லை. நீ சொன்னபடி வெறும் சளிக் காய்ச்சல்.

நீங்கள் மறுபடி கூடலூர் போகப் போவதாக அம்மா சொன்னா. போ. ஒரு மாசம் முன்னே சொன்னால் மாத்திரையை நானே எடுத்து வைக்கிறேன். நாரஹேன்பிட்டவில் மலேரியாத் தடை இயக்கத்தில் இலவசமாகத் தருவார்கள், உன்னைக் கொழும்புக்கு அலைய விடமாட்டேன். இரண்டு துண்டுக் காகிதத்தில் போன இடம், திரும்பும் தேதி, கடைசி மாத்திரைத் தேதி என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, தேதிக்கு இடம் விட்டிருக்கிறேன். பிள்ளைகளின் கிளினிக் புத்தகத்தில் ஆளுக்கொன்று செருகிவிடு. டாக்டர் அறைக்குள் போய் அதை நீட்டினால் போதும். வரிசையில் யாரும் வாய் திறக்க வேண்டாம், நானும்.

அக்கா