மலைப் பேருந்தின் ஆயுளைக் கிலோமீட்டரில் மட்டும் கணக்கிட வேண்டாம்: கோரிக்கை மனு

அனுப்புநர்:
பேருந்துப் பயணிகள்,
பந்தலூர் வட்டம்,
நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு செயலாளர் அவர்கள்,
போக்குவரத்துத் துறை,
தலைமைச் செயலகம்,
சென்னை 600 009.

பொருள்: மலைப் பகுதிகளில் ஓடும் அரசுப் பேருந்துகளைக் கழிவு செய்யத் தனி விதிமுறை வகுக்கவும், மாற்று வண்டி வந்த பிறகே பழையதை எடுக்கவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். நாங்கள் பந்தலூர், தேவாலா, சேரம்பாடி, எருமாடு, அய்யன்கொல்லி பக்கம் குடியிருப்பவர்கள். எங்களில் பெரும்பாலானோர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களும் எங்களோடு இருக்கின்றன. இங்கே ரயில் கிடையாது. பள்ளி, கல்லூரி, கூடலூர் அரசு மருத்துவமனை, ரேஷன், வட்டாட்சியர் அலுவலகம் எல்லாவற்றுக்கும் பேருந்துதான். காலை முதல் வண்டி வராவிட்டால் வேலைக்குப் பேர் கொடுக்கும் நேரம் தாண்டிவிடும், அன்றைய கூலி போய்விடும். 2024-25 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தபடி பெண்கள் கட்டணமில்லாமல் பயணிக்கும் மகளிர் விடியல் பயணத் திட்டத்தை மலைப் பகுதிகளுக்கும் நீட்டித்ததற்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். பெண்கள் கூடுதலாக ஏறுகிறார்கள். ஏறுகிற வண்டியின் நிலைதான் எங்கள் கவலை.

ஒரு பேருந்தை எப்போது கழிவு செய்வது என்பதற்கு அது ஓடிய ஆண்டுகளையும் கிலோமீட்டரையும் பார்க்கிறார்கள். சமவெளிக்கு அது சரி. மலைக்கு அந்தக் கிலோமீட்டர் கணக்கு பொருந்தவில்லை என்பதே இந்த மனுவில் நாங்கள் சொல்ல வந்தது.

சமவெளிச் சாலையில் ஒரு வண்டி மணிக்கு 40 கிலோமீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். எங்கள் சாலையில் அது 20-ஐத் தாண்டுவதே பெரிது. அப்படியானால் 1 லட்சம் கிலோமீட்டர் ஓடி முடிக்க அங்கே 2,500 மணி நேரம், இங்கே 5,000 மணி நேரம். மீட்டர் இரண்டு வண்டிக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும். இங்குள்ள வண்டியின் இன்ஜின் இரண்டு மடங்கு நேரம் உழைத்திருக்கும், அதிலும் பெரும்பகுதி முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும். கூடலூரிலிருந்து உதகைக்கு 50 கிலோமீட்டர்தான் தூரம், ஆனால் அதற்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். மேட்டுப்பாளையம் குன்னூர் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள், ஆழியாறு வால்பாறை சாலையில் 40, கொல்லிமலையில் 70. ஏற்காடு, கொடைக்கானல், ஜவ்வாதுமலை என்று மலையில் ஓடும் எல்லா வண்டிக்கும் இதே கதிதான்.

ஏறும்போது கிளட்சும் கியர் பாக்ஸும் தேய்கின்றன, இறங்கும்போது பிரேக் தேய்கிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக் லைனிங் காய்ந்து கருகும் வாடை பின் இருக்கை வரை வரும். டிரம் அளவுக்கு மீறிச் சூடேறினால் பிரேக் பிடிமானம் குறையும் என்பது ஓட்டுநர்கள் எல்லோருக்கும் தெரியும், அதனால்தான் கியரிலேயே வண்டியை இழுத்துப் பிடித்து இறக்குகிறார்கள். ஏற்றத்தில் வண்டி நின்றுபோனால் நடத்துநர் முதலில் இறங்கிப் பின் சக்கரத்துக்குக் கட்டை போடுகிறார். அதற்கென்றே ஒரு மரக்கட்டை அவர் இருக்கைக்கு அடியில் கிடக்கிறது. புது வண்டியில் அந்தக் கட்டைக்கு வேலை வருவது அபூர்வம்.

அப்புறம் மழை. தேவாலாவும் பந்தலூரும் தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் சேர்ந்தவை. ஜூனில் தொடங்கினால் செப்டம்பர் வரை வண்டி காய்வதே இல்லை. தோட்டத்து ஈரச் சேற்றோடு ஏறும் கால்கள் எல்லாம் தரைப்பலகையில்தான் மிதிக்கின்றன. பலகை ஊறி, விளிம்பு உப்பி, அடியில் இருக்கும் இரும்புச் சட்டம் துருப்பிடிக்கிறது. இருக்கையின் கால்களைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் முதலில் துரு ஏறும், பிறகு ஆடும். கூரைத் தகரத்தின் மூட்டுகளில் ஒழுகுவதால் ஜன்னலோர இருக்கைகளை விட்டுவிட்டு நடுவில் நெருக்கி நிற்கிறோம். உட்கார்ந்தே ஆக வேண்டிய கர்ப்பிணிகளும் முதியவர்களும் வண்டிக்குள் குடை பிடிக்கிறார்கள். டிக்கெட் கட்டு நனையாமலிருக்க நடத்துநர் அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக் கிழித்துத் தருகிறார். இந்தத் துருவுக்கும் கிலோமீட்டர் மீட்டரில் இடமில்லை. ஓடாமல் நிற்கும் வண்டியும் இங்கே துருப்பிடிக்கிறது.

எஃப்.சி., அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று, இருக்கிறதே என்று கேட்கலாம். பேருந்துக்கு 8 ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும். அந்தச் சமயத்தில் தகரம் தட்டிப் பெயின்ட் அடித்து வண்டி பளிச்சென்று வருவதை நாங்களும் பார்க்கிறோம். அடுத்த மழைக்காலம் தாண்டுவதற்குள் பெயின்டுக்கு அடியில் இருந்தது மேலே வந்துவிடுகிறது. 2024 பிப்ரவரியில் சென்னையில் ஓடும் பேருந்தின் தரை உடைந்து ஒரு பெண் பயணி அந்த ஓட்டைக்குள் விழுந்ததையும், ஏப்ரலில் திருச்சியில் வளைவில் திரும்பும்போது இருக்கை கழன்று நடத்துநரே சாலையில் விழுந்ததையும் நாடே பார்த்தது. உடனே எல்லாப் பேருந்துகளையும் சோதிக்க அரசு உத்தரவிட்டது நல்ல செயல். அந்த இரண்டும் சமதளச் சாலையில் நடந்தவை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம் என்று இருக்கும் இடத்தில் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

பணிமனைத் தொழிலாளர்கள் மீதோ, ஓட்டுநர், நடத்துநர் மீதோ எங்களுக்கு எந்தப் புகாரும் இல்லை. கையில் இருக்கிற உதிரிப் பாகத்தை வைத்து வண்டியை அவர்கள் சாலைக்கு அனுப்புவதே எங்களுக்குச் செய்யும் உபகாரம்.

1.4.2023 முதல், 15 ஆண்டு முடிந்த அரசு வாகனங்களின் பதிவைப் புதுப்பிக்கக் கூடாது என்பது மத்திய அரசின் விதி. போக்குவரத்துக் கழகப் பேருந்துகளும் அதில் அடங்கும். நாங்கள் அதை வரவேற்கிறோம். ஆனால் 15 என்பது நாடு முழுமைக்கும் பொதுவான கடைசி எல்லை. மலையில், மழையில் ஓடும் வண்டியை அந்த எல்லை வரை இழுத்துச் செல்லலாம் என்று யாரும் பொருள் கொள்ளக் கூடாது. இன்னொன்றும் உண்டு. பழைய சேசிஸின் (அடிச்சட்டத்தின்) மேல் புதிய பாடி கட்டி, மஞ்சள் வண்ணத்தில் பேருந்துகளை விடும் திட்டம் 2023-இல் தொடங்கியது. பாடி உறுதியாக இருக்கும் வரை அது நல்லதுதான், சிக்கனமும்கூட. ஆனால் பிரேக், ஸ்டியரிங், ஆக்சில் எல்லாம் சேசிஸோடு சேர்ந்தவை. புது பாடி கட்டிய நாளிலிருந்து வயதை எண்ணத் தொடங்கினால் மலையில் அது ஆபத்து. அப்படிப் புதுப்பித்த வண்டிகளைச் சமவெளித் தடங்களுக்கு விட்டுவிட்டு, மலைக்குப் புது சேசிஸ் வண்டிகளைத் தர வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும் எங்களுக்கு ஒரு பயம் இருக்கிறது, அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். இந்த மனுவைப் பார்த்து நாளைக்கே பழைய வண்டிகளை எடுத்துவிட்டு, மாற்று வண்டி தராமல் விட்டால் என்ன செய்வது? வண்டி குறைந்தால் முதலில் ரத்தாவது தோட்டத்துக் கடைசி நிறுத்தம் வரை போகும் டிரிப்பும், இரவு தங்கல் பேருந்தும்தான். மாலை 6 மணிக்கு மேல் எங்கள் சாலைகளில் யானை நடமாட்டம் இருக்கும். வண்டி வராததால் இருட்டில் நடந்து போவதும் அபாயம், பழுதாகி நடுவழியில் நின்ற வண்டியிலிருந்து இறங்கி நடப்பதும் அபாயம். இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள் என்று எங்களை விட்டுவிட வேண்டாம். பழைய வண்டி பணிமனையை விட்டுப் போகும் நாளில் அதே தடத்துக்குப் புது வண்டி நிற்க வேண்டும். இதை ஆணையிலேயே எழுதித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

எனவே மலைத் தடங்களுக்குத் தனிக் கழிவு விதிமுறை வகுக்க வேண்டும். வண்டி ஓடிய மணி நேரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். அது உடனே முடியாதென்றால், மலையில் ஓடிய ஒரு கிலோமீட்டரை ஒன்றரைக் கிலோமீட்டராக எண்ணித் தொடங்கலாம். ஆண்டுக் கணக்கைச் சேசிஸ் தயாரான ஆண்டிலிருந்தே பார்க்க வேண்டும். அந்த ஆண்டையும் கடைசியாக எஃப்.சி. எடுத்த தேதியையும் படிக்கட்டுக்கு மேலே பயணிகள் பார்க்கும்படி தமிழில் எழுதி வைக்க வேண்டும். ஒரே வண்டியில் பிரேக் அல்லது ஸ்டியரிங் பழுது என்று ஓட்டுநர் மூன்று முறை எழுதிக் கொடுத்தால், பொறியாளர் ஒருவர் சோதித்துக் கையெழுத்திடும் வரை அது மலை ஏறக் கூடாது. அப்படி எழுதிக் கொடுத்ததற்காக அந்த ஓட்டுநருக்கு எந்தத் தொந்தரவும் வரக் கூடாது, இதை அழுத்திச் சொல்கிறோம்.

சென்னையில் 2025 ஜூன் முதல் மாநகர மின்சாரப் பேருந்துகள் ஓடுகின்றன. மின்சார வண்டி இறக்கத்தில் வரும்போது மோட்டாரே வேகத்தைக் கட்டுப்படுத்தும், அந்தச் சக்தியில் பேட்டரியும் கொஞ்சம் ஏறும், பிரேக்கின் சுமை குறையும். இமாசலப் பிரதேசத்தில் மணாலி ரோதாங் சாலையில் 2017-லேயே அப்படிப்பட்ட பேருந்தை ஓட்டினார்கள். நீலகிரியிலும் ஒரு தடத்தில் சோதித்துப் பார்க்கலாம்.

கடைசியாக, விதிமுறையை முடிவு செய்யும் முன் தங்கள் துறைப் பொறியாளர்கள் ஜூலை மாதத்தில், மழை பெய்யும் ஒரு நாளில், கூடலூரிலிருந்து எருமாடு வரை கூட்டம் நிறைந்த மாலை வண்டியில் எங்களோடு வந்து பார்க்குமாறு அனுப்பி வைக்க வேண்டுகிறோம். மனுவின் மீது எடுக்கும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்கவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பந்தலூர் வட்டாரப் பேருந்துப் பயணிகள்
(கையொப்பங்கள் இணைப்பில்)

இடம்: பந்தலூர்

நகல்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், நீலகிரி மாவட்டம், உதகமண்டலம்.