உன் மகளின் நோட்டைப் படித்த பிறகு

அன்புள்ள நண்பா,

வணக்கம். உன் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் ஏழு மாதங்களை ஓட்டிவிட்டேன்; மன்னித்துக்கொள். இங்கே அனைவரும் நலம். உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நெட்டையன் இரண்டு முறை தொலைபேசியில் பேசினான். விஷயத்துக்கு வருவதற்குள் அரைமணி நேரம் ஆகிவிடும் அந்தப் பழக்கம் அவனிடம் இன்னும் அப்படியே இருக்கிறது.

நீ அனுப்பியிருந்த உன் மகளின் நோட்டுப் பக்கங்களை நேற்று இரவு ஒரே மூச்சில் படித்து முடித்தேன். இடப்பக்கம் ஆங்கில மரபுத்தொடர், வலப்பக்கம் தமிழில் பொருள் என்று இருநூறு வரிகளை அவள் அச்சடித்ததுபோல் எழுதியிருக்கிறாள். கையெழுத்து நல்லவேளையாக உன்னைக் கொள்ளவில்லை. "அத்தனையும் மனப்பாடம் செய்துவிட்டாள், வேலைக்குப் போனால் சமாளித்துக்கொள்வாள் அல்லவா?" என்று கேட்டிருந்தாய். அவளுடைய உழைப்பைப் பார்த்து மனம் பூரித்தது. ஆனால் 37-ஆவது வரியில் என் கண் நின்றுவிட்டது. 'கிக் தி பக்கெட்: இறத்தல்' என்று எழுதியிருந்தாள்.

இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு, வேற்று நாட்டில் இருந்த என் மேலாளரின் தந்தை காலமானார். ஆங்கிலம் இயல்பாக இருக்க வேண்டும் என்ற ஆசையில், நானும் இப்படி ஒரு பட்டியலிலிருந்து படித்து வைத்திருந்த இதே தொடரைப் போட்டு இரங்கல் கடிதம் எழுதி அனுப்பினேன். "நன்றி" என்ற ஒற்றைச் சொல்தான் பதிலாக வந்தது. இரண்டு நாள் கழித்து, உடன் பணியாற்றிய ஒருவர் என்னைத் தனியே அழைத்து, நான் எழுதியது தமிழில் எப்படி ஒலிக்கும் என்று விளக்கினார். "உங்கள் அப்பா மண்டையைப் போட்டுவிட்டாராமே" என்று துக்கம் நடந்த வீட்டுக்கு எழுதியிருக்கிறேன், நண்பா. மன்னிப்புக் கேட்டேன், அவரும் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார் என்றாலும், அந்தச் சொற்றொடரைப் பார்க்கும்போதெல்லாம் இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது.

பட்டியல் தந்த பொருளில் தவறில்லை. 1785-இல் பிரான்சிஸ் குரோஸ் தொகுத்த அகராதியிலும் அந்தத் தொடருக்கு இறத்தல் என்றுதான் பொருள் இருக்கிறது. ஆனால் அவர் தொகுத்தது கொச்சைச் சொற்களின் அகராதி. அந்த ஒரு செய்திதான் என் பட்டியலில் இல்லை, உன் மகளின் நோட்டிலும் இல்லை. இறந்தவரைத் துஞ்சினார் என்று சொல்வதை மங்கலம் என்று நன்னூல் பிரித்துக் காட்டுவதை நாம் பள்ளியில் படித்தோமே, அதே போன்ற வேறுபாடு ஆங்கிலத்திலும் உண்டு. துக்க வீட்டுக்கு உரியது 'பாஸ் அவே'.

இன்னொரு வரியும் என்னைக் கவலைப்பட வைத்தது. 'புல் சம்ஒன்ஸ் லெக்' என்பதற்கு எதிரே 'காலை வாருதல்' என்று எழுதியிருக்கிறாள். சொற்களைப் பார்த்தால் உடன்பிறப்புகள்போல் இருக்கின்றன, பொருளிலோ பெரும் தூரம். நாம் காலை வாருவது என்றால் கூட இருந்தே கவிழ்ப்பது; அவர்கள் காலை இழுப்பது விளையாட்டாக ஒரு பொய்யைச் சொல்லி நம்ப வைப்பது. நாளை யாராவது சிரித்துக்கொண்டே அவளிடம் அப்படிச் சொன்னால், தனக்கு எதிராகச் சதி நடந்தது என்று அவள் கலங்கிப்போவாளே! 'பைட் தி டஸ்ட்' என்பதும் நம் மண்ணைக் கவ்வுதலும் அந்த அளவுக்கு விலகவில்லை என்றாலும், நாம் தோல்வியோடு நிறுத்திக்கொள்கிறோம், அவர்களோ சாவுக்கும் அதைச் சொல்கிறார்கள்.

எல்லாமே இப்படிப் பயமுறுத்துவன என்று எண்ணிவிடாதே. கதை கட்டுபவனை நாம் 'கயிறு திரிக்கிறான்' என்கிறோம். அவர்கள் நீண்ட கதை சொல்வதை 'ஸ்பின் எ யார்ன்', அதாவது நூல் நூற்பது என்கிறார்கள். இதை முதன்முதலில் கவனித்த நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது.

சொற்களை எந்த அளவுக்கு அசைக்கலாம் என்பதையும் அவள் பழக வேண்டும். 'ஸ்பில் தி பீன்ஸ்' என்றால் இரகசியத்தை வெளியிடுதல். 'தி பீன்ஸ் வேர் ஸ்பில்ட்' என்று செயப்பாட்டு வினையாக மாற்றினாலும் அந்தப் பொருள் நிற்கும். 'தி பக்கெட் வாஸ் கிக்ட்' என்று மாற்றினாலோ, யாரோ உண்மையிலேயே வாளியை எட்டி உதைத்தார்கள் என்றுதான் கேட்பவர் எண்ணுவார். தமிழிலும் 'குட்டு வெளிப்பட்டது', 'குட்டை வெளிப்படுத்தினான்' என்று இரண்டு விதமாகச் சொல்கிறோம், ஆனால் 'கம்பி நீட்டப்பட்டது' என்று எவரும் சொல்வதில்லை. தாய்மொழியில் இதை யாரும் நமக்குக் கற்றுத் தரவில்லை. கேட்டுக் கேட்டு வந்தது. ஆங்கிலத்துக்கும் அந்தக் கேள்வி ஞானம்தான் வேண்டும். அதனால் நாள்தோறும் பத்துத் தொடர்களை உருப்போடுவதைவிட, வாரத்துக்கு இரண்டை நாலைந்து வெவ்வேறு இடங்களில் கேட்டுப் பிடிப்பது எவ்வளவோ மேல்.

பிறந்த கதை தெரிந்தாலும் சில தொடர்கள் மனத்தில் ஒட்டிக்கொள்ளும். 1709-இல் ஜான் டென்னிஸ் என்ற நாடக ஆசிரியர், தம் நாடகத்துக்காக இடியோசை எழுப்பப் புதிய முறை ஒன்றைக் கண்டுபிடித்தார். நாடகம் தோற்று நிறுத்தப்பட்டது; ஆனால் அதே அரங்கில் பிறகு வேறொரு நாடகத்தில் அவருடைய இடி முழங்கியதாம். என் இடியைத் திருடிவிட்டார்கள் என்று அவர் கொதித்ததிலிருந்து பிறந்ததுதான், ஒருவருக்குச் சேர வேண்டிய பெயரை இன்னொருவர் தட்டிச் செல்வதைக் குறிக்கும் 'ஸ்டீல் மை தண்டர்'. இந்தக் கதையைக் கேட்டவள் பொருளை மறக்க மாட்டாள்.

கூட்டங்களில் வரும் 'டேபிள்' என்ற சொல்லை மட்டும் தனியாகக் குறித்துக்கொள்ளச் சொல். பிரிட்டனில் ஒரு பொருளை 'டேபிள்' செய்தால் உடனே விவாதத்துக்கு எடுப்பது, அமெரிக்காவில் ஒத்திப்போடுவது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்த ஒரு சொல்லால் இரு நாட்டு அதிகாரிகளும் நெடுநேரம் வாதாடியதைச் சர்ச்சில் தம் நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்திருக்கிறார்.

எனவே நோட்டைத் தூக்கிப் போட வேண்டாம். மூன்றாவதாக ஒரு பத்தி மட்டும் போடச் சொல். அதில் பொருளை எழுத வேண்டாம். யார், யாரிடம், எந்த நேரத்தில் சொல்லக் கேட்டாள் என்பதை எழுதட்டும். அந்தப் பத்தி நிரம்பாத தொடரைப் பேச்சில் கேட்டுப் புரிந்துகொண்டால் போதும், அவளாகப் பயன்படுத்த வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை மாலை அழைக்கிறேன். நோட்டோடு அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள். 37-ஆவது வரியிலிருந்து தொடங்கலாம். என் இரங்கல் கடிதத்தைப் பற்றி நானே அவளிடம் சொல்லிக்கொள்கிறேன்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்