தம்பிக்கு அம்மா எழுதுவது

தம்பி,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சுகர் குறைந்திருக்கிறது. பெரியப்பா விஷயம் ஒருவழியாக முடிந்தது, அதை நேரில் சொல்கிறேன். உனக்குத் தேர்வு இருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அத்தை வீட்டுக்குச் சாப்பிட வந்தாயாமே. தேர்வு மத்தியானம்தான் என்று நீ சொன்ன ஞாபகம். சரி, அதை விடு.

பொங்கலுக்கு வந்தபோது லேப்டாப்பில் உன் வகுப்புப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சந்தேகம் கேட்டு எழுதுவதைக் காட்டினாயே, அதுதான் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஐஐடி மெட்ராஸ் 2020-இல் நீ படிக்கிற அந்த ஆன்லைன் டேட்டா சயன்ஸ் படிப்பைத் தொடங்கியபோது, வீடியோவைப் பார்த்து ஆளாளுக்குத் தனியாகப் படிப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அன்று ஒரு பெண் பைத்தான் என்கிற கணினி மொழியில் சந்தேகம் கேட்டிருந்தாள்: ஏ என்று பெயர் வைத்த லிஸ்டுக்கு, அதாவது எண்களின் வரிசைக்கு, பி என்றும் பெயர் வைத்துக்கொண்டு, பி-யில் ஓர் எண்ணைச் சேர்த்தால் ஏ-யிலும் சேர்ந்துவிடுகிறதே, ஏன்? ஒருவர் ‘காப்பி எடுத்துக்கொள்’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போய்விட்டார். இன்னொருவர், ‘என்ன வரும் என்று நினைத்தாய்?’ என்று திருப்பிக் கேட்டார். அதற்குப் பதில் எழுத எழுத அவளுக்கே பிடிபட்டுவிட்டது. பெயர்தான் இரண்டு, லிஸ்ட் ஒன்றுதான். இத்தனை வருஷம் கணக்கு நடத்துகிற எனக்கு அதைப் படிக்க எவ்வளவு சந்தோஷமாக இருந்தது!

உனக்கும் அதே சந்தேகம் இருந்தது என்றாய். ஆனால் நீ கேட்கவில்லை. ராத்திரி முழுக்க எல்லோர் கேள்வியையும் படிக்கிறாய், உன் பெயரில் ஒரு வரி இல்லை. பூஜ்ஜியத்தால் ஏன் வகுக்கக் கூடாது என்று ஆறாம் வகுப்பு சாரை விடாமல் பிடித்துக்கொண்ட பிள்ளை நீ. ஸ்டாஃப் ரூமில் அவர் அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டார்.

கேள், தம்பி. என்ன செய்து பார்த்தாய், என்ன வரும் என்று நினைத்தாய், என்ன வந்தது, எல்லாவற்றையும் எழுதிக் கேள். விடையை மட்டும் வாங்கிக்கொண்டு ஓடாதே. உனக்குத் தெரிந்ததை அடுத்தவருக்கு விளக்கிப் பார், உனக்கு எங்கே ஓட்டை என்று அப்போது தெரியும். எதுவானாலும் கேட்காமல் மட்டும் இருக்காதே.

தினமும் கணித மேதை ராமானுஜன் வீடு இருக்கிற சாரங்கபாணி சன்னதித் தெரு வழியாகத்தான் பள்ளிக்கூடம் போகிறேன். அவர் 1911-இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் ஒரு கேள்வி போட்டார், வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலமாக முடிவில்லாமல் போகிற கணக்கு. ஆறு மாதமாகியும் ஒருவரிடமிருந்தும் விடை வரவில்லை. அப்புறம் அவரே சொன்னார், விடை 3. அவ்வளவு பெரிய மூளைக்கே நாலு பேர் முன்னால் கேள்வியை வைக்க வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளைதான் கல்லூரியில் ஸ்காலர்ஷிப் போனபின் 1905-இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போனது. அவர் அம்மா கோமளத்தம்மாள் என்ன பாடு பட்டிருப்பாள் என்று அந்த வீட்டைத் தாண்டும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ராத்திரி சாப்பாட்டைத் தள்ளாதே. அந்தப் பாடத்துக்கு மறுபடி பணம் கட்ட வேண்டியிருந்தால் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று எனக்கு எழுது. அப்பாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

அம்மா