கைவிடப்பட்ட எண்ணெய்க் குழாயருகே மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதிக்கக் கோரும் மனு

அனுப்புவோர்:
கிராம அபிவிருத்திச் சங்கத்தினரும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தினரும்,
கரைச்சிப் பிரதேச செயலாளர் பிரிவு, கிளிநொச்சி.

பெறுநர்:
அரசாங்க அதிபர் அவர்கள்,
மாவட்டச் செயலகம், கிளிநொச்சி.

மதிப்பிற்குரிய அரசாங்க அதிபர் அவர்களுக்கு,

எங்கள் கிராமத்தின் எல்லையில் எரிபொருள் களஞ்சியம் ஒன்று இருந்தது. அங்கிருந்து மின்பிறப்பாக்கிக் கூடம் வரை நிலத்துக்கடியால் இரும்புக் குழாய் போட்டிருந்தார்கள். இரண்டும் மூடப்பட்டுப் பல வருடங்களாகிவிட்டன. குழாயை யாரும் முறையாகக் காலி செய்யவும் இல்லை, கிளப்பி எடுக்கவும் இல்லை. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு பழைய இரும்பு சேர்ப்பவர்கள் சில இடங்களில் அதை வெட்டினார்கள். வெட்டின வாயால் கறுப்பு எண்ணெய் வடிந்ததை ஊரில் பலர் கண்டிருக்கிறார்கள். மிச்சக் குழாய் இன்னும் மண்ணுக்குள்தான் கிடக்கிறது.

அந்த வழியை ஒட்டிய வளவுக் கிணறுகளில் கோடையில் தண்ணீர் கீழே இறங்க இறங்க எண்ணெய் மணம் கூடுகிறது. வாளியில் அள்ளினால் மேலே வானவில் நிறத்தில் படலம் தெரிகிறது. இரும்புச் சத்துள்ள தண்ணீரிலும் படலம் வரும் என்று எங்களுக்குச் சொன்னார்கள். உண்மைதான். ஆனால் இரும்புத் தண்ணீரின் படலத்தைக் குச்சியால் கலைத்தால் துண்டு துண்டாக உடையும். எண்ணெய்ப் படலம் விலகி மறுபடி ஒன்று சேரும். எங்கள் கிணறுகளில் ஒன்று சேர்கிறது. போர்க்காலத்தில் ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற சனம் நாங்கள். அதன் மணத்தை எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

முன்பு முறையிட்டபோது ஓர் அலுவலகத்திலிருந்து வந்து, ஒரேயொரு கிணற்றில், மாரி மழைக்கு நடுவே, பிளாஸ்டிக் போத்தலில் தண்ணீர் எடுத்துப் போனார்கள். பிறகு “பிரச்சினை இல்லை” என்று வாயால் சொன்னார்களே தவிர, அறிக்கையைக் காட்டவில்லை. இப்படிச் செய்தால் உண்மை தெரியவராது, ஐயா. டீசலும் பெற்றோலும் தண்ணீரில் மிதப்பவை. நிலத்தடி நீர் ஏறி இறங்கும்போது அவையும் கூடவே ஏறி இறங்கி, இடையிலுள்ள மண்ணில் ஒட்டிக்கொள்ளும்; மாரியில் அள்ளிய தண்ணீரில் மட்டும் பார்த்தால் அது தெரியாமல் போகலாம். எண்ணெய் பிளாஸ்டிக் சுவரிலும் ஒட்டிவிடும் என்பதால் மாதிரியைக் கண்ணாடிப் போத்தலில்தான் எடுக்க வேண்டும்.

ஆகவே எங்கள் முதல் வேண்டுகோள் மண்ணைப் பற்றியது. குழாய் போன வழியில், முக்கியமாக மூட்டுகளிலும் வெட்டப்பட்ட இடங்களிலும், நிலத்தடி நீர்மட்டம் வரை குழி தோண்டி ஆழத்துக்கு ஆழம் மண் மாதிரி எடுக்க வேண்டும். இது போர் நடந்த நிலம். தோண்டுமுன் கண்ணிவெடி செயற்பாட்டு அலுவலகத்திடம் அனுமதி பெறுவது அவசியம். குழாயின் வரைபடத்தையும், அதில் என்ன எண்ணெய் ஓடியது என்ற பதிவையும் உரிமையாளரிடமிருந்து பெற்றால் வீணாக எங்கும் தோண்ட வேண்டியிராது.

அப்புறம் நீர். நீர்வளச் சபையின் உதவியுடன் நிலத்தடி நீரைக் கண்காணிக்கும் அவதானிப்புத் துளைகள் இட்டு, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, கோடையிலும் மாரியிலும் இரு தடவை மாதிரி எடுக்க வேண்டும். எண்ணெயும் கிரீஸும் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமுக்கு மேல் குடிநீரில் இருக்கக் கூடாது என்கிறது இலங்கைத் தர நியமம் 614. அது மட்டும் போதாது. பெற்றோலில் உள்ள பென்சீன் என்ற பொருளையும் சோதிக்க வேண்டும்; அது புற்றுநோயை உண்டாக்கும். அதற்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை லீற்றருக்கு 0.01 மில்லிகிராம். இலங்கையில் 2002 வரை பெற்றோலில் ஈயம் கலந்திருந்தது. களஞ்சியத்தில் பெற்றோலும் வைத்திருந்ததால் ஈயத்தையும் சோதிக்கக் கேட்கிறோம்.

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின்நிலையத்து எண்ணெய் கிணறுகளில் கலந்ததை வடக்கில் அறியாதவர் இல்லை. கிணறுகளில் எண்ணெய் இருக்கிறதா இல்லையா என்ற வாதத்திலேயே அங்கே வருடங்கள் போயின. 2019 ஏப்ரலில்தான் உச்ச நீதிமன்றம், மின் உற்பத்தி செய்த தனியார் நிறுவனம் பாதிக்கப்பட்டோருக்கு 20 மில்லியன் ரூபா கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அத்தனை காலம் காத்திருக்க எங்களால் முடியாது. எங்கள் பிள்ளைகள் இன்றும் அந்தத் தண்ணீரில்தான் குளிக்கிறார்கள். மிளகாய்க் கன்றுக்கும் அதையே இறைக்கிறோம்.

முடிவு வரும்வரை பவுசர் மூலம் குடிநீரும், வளவுகளுக்கு அருகே நீர்த்தாங்கியும் தரும்படி கேட்கிறோம். கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லி விடாதீர்கள். கொதிப்பு கிருமியைக் கொல்லும், டீசலை அகற்றாது. முந்தைய பரிசோதனை அறிக்கையை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எங்களுக்குத் தர ஒழுங்கு செய்யுங்கள். புதிய அறிக்கையைத் தமிழில் கிராம அலுவலரின் அலுவலகத்தில் ஒட்டுங்கள். மாசு உறுதியானால் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் உரிமையாளர் மீது நடவடிக்கை எடுத்து, குழாயை அகற்றும் செலவை அவர்களே ஏற்கச் செய்யுங்கள்.

மாரி தொடங்குமுன் முதல் மாதிரி எடுக்கப்பட வேண்டும். அதற்கான திகதியை எழுத்தில் அறிவித்தால், குழாய் போன வழியை நேரில் கண்ட பெரியவர்களை அழைத்துவந்து இடங்களைக் காட்டுவோம்.

இப்படிக்கு,
கிராம மக்கள் சார்பில்,
இரு சங்கங்களின் தலைவர்களும் செயலாளர்களும்

பிரதிகள்: பிரதேச செயலாளர், கரைச்சி; மத்திய சுற்றாடல் அதிகாரசபை; நீர்வளச் சபை; சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை