வியாழன் எடை குத்துமதிப்பு இல்லீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்ங்க.

போன ஞாயித்துக்கெழம உங்க மாணவர் பக்கத்துல வியாழன் பத்தி வந்த கட்டுரைல, அவ்ளோ பெரிய கோள தராசுல வெக்க முடியாது, அதனால எடையெல்லாம் குத்துமதிப்புதான்னு ஒரு வரி. ஒம்பதாவது படிக்கிற எம் பொண்ணு "அப்போ புக்ல இருக்கிற நம்பரெல்லாம் சும்மாவாப்பா"ன்னு கேட்டுச்சு. எனக்கு மனசே ஆறல.

குத்துமதிப்புன்னா என்னன்னு எங்களுக்குத் தெரியும்ங்க. எங்களுக்கு மாந்தோப்பு இருக்கு, பூ எடுக்கிறப்பவே வியாபாரி வந்து மரத்த அண்ணாந்து பாத்து இத்தன டன்னுனு வெல பேசுவாரு, அதுதான் குத்துமதிப்பு, அதுல எங்கப்பா ரெண்டு தடவ ஏமாந்து கடனாளி ஆனாரு. வியாழன் கணக்கு அப்படி இல்ல. நம்ம நிலா 3,84,000 கி.மீ. தள்ளி சுத்துது, ஒரு சுத்துக்கு 27 நாளு. வியாழனோட அயோ நிலாவும் கிட்டத்தட்ட அதே தூரம்தான், 4,22,000 கி.மீ., ஆனா 42 மணி நேரம் சொச்சத்துல சுத்தி முடிச்சிடுது. அந்த வேகத்துல ஓடியும் பிச்சிக்கிட்டு போகலன்னா இழுத்துப் பிடிக்கிறது எவ்ளோ கனமா இருக்கணும், அத கணக்கு போட்டுத்தான் பூமிய மாதிரி 318 மடங்குன்னு சொல்றாங்க. எடையோட அகலமும் தெரிஞ்சா அடர்த்தி வந்துரும். சனி லிட்டருக்கு 700 கிராம் கூட வராது, தண்ணியவிட லேசு. முத்தாத மாங்கா மெதக்கும், முத்தினது முழுகும்னு எங்கம்மா அண்டால போட்டு பாக்குமே, அதே விஷயம்தான்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததில்ல. ரெண்டு வருஷம் முன்னாடி காவலூர் வானாய்வகம் பத்தி எழுதுங்கன்னு லெட்டர் போட்டேன், ஒரு பதிலும் இல்ல. திருப்பத்தூர் தாண்டினா ஜவ்வாது மலைல இருக்கு. யுரேனஸ் வளையத்த கண்டுபிடிச்ச ராத்திரி, 1977 மார்ச் 10, அது ஒரு நட்சத்திரத்துக்கு குறுக்க வந்தப்போ வெளிச்சம் மங்கினத அங்க இருக்கிற 40 இன்ச் டெலஸ்கோப்லயும் பதிவு பண்ணாங்க. எங்க பக்கத்து புள்ளைங்க எத்தன பேருக்கு இது தெரியும்? சனிப்பெயர்ச்சிக்கு நாலு பக்கம் போடுறீங்க, சனிய பத்தி நாலு வரி வர மாட்டேங்குது. எங்க ஜில்லா பேரு மாங்கா வெல சரிஞ்சாதான் பேப்பர்ல வருது. இருவது வருஷமா வாங்கறோம்ங்க, அந்த உரிமைலதான் கேக்கறேன்.

அந்த ஒரு வரிக்கு சின்னதா ஒரு திருத்தம் போடுங்க, போதும். வெட்டி ஒட்டறதுக்கு பொண்ணு நோட்டுல எடம் விட்டு வெச்சிருக்கு.

இப்படிக்கு,
மாந்தோப்பு விவசாயி,
ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி மாவட்டம்