பார்சல் வந்துச்சு பாப்பா

பாப்பா,

பார்சல் வந்து எட்டு மாசம் ஆச்சு, வந்துச்சுன்னு ஒரு வார்த்தை நான் சொல்லல, நீயும் கேக்கல. உள்ள ஒரு துண்டுச் சீட்டாவது இருக்கும்னு பெட்டிய கவுத்துத் தட்டிப் பார்த்தேன், நம்ம காருக்குப் பழைய பாயிண்ட்டுக்குப் பதிலா மாட்டுற எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட் மட்டும்தான் இருந்துச்சு. பாயிண்ட்டுன்னா ஸ்பார்க்குக்காகத் தொட்டுத் தொட்டு விலகுற அந்தச் சின்ன சுவிட்ச்தான். போன வாரம்தான் எடுத்து மாட்டினேன். நம்ம காரு, கிழவி, நல்லா ஓடுறா. அதச் சொல்லத்தான் எழுதுறேன்.

மறக்கிறதுக்குள்ள ஒண்ணு, இன்ஜின் ஓடாதப்ப சாவிய ஆன்ல விட்டுடாத. உனக்கு வண்டிய நிறுத்திட்டு உள்ளயே உக்காந்து பாட்டு கேக்குற பழக்கம் உண்டு. கிட்டுல இருக்குற மாட்யூலும், ஸ்பார்க்குக்கு வோல்ட்ட ஏத்துற காயிலும் சூடாகி தீஞ்சிடும்.

கிட்டு கரெக்டா பார்த்து அனுப்பியிருக்க. பாயிண்ட் உக்காந்திருக்குற டிஸ்ட்ரிபியூட்டர் பாடியில அடிச்சிருக்கிற நம்பர எப்ப குறிச்சு வச்ச? நம்மளது நெகட்டிவ் எர்த்து, பாட்டரி மைனஸ்தான் வண்டி பாடியில சேந்திருக்குன்னு கூட ஞாபகம் இருந்திருக்கு, பழைய வண்டிங்க சிலது பாசிட்டிவ் எர்த், அதுல போய் இத மாத்தி மாட்டினா சாவிய திருப்பின உடனே போயிடும். என் பொண்ணப் பாத்தியான்னு உங்க அம்மாகிட்ட ரெண்டு தடவ சொல்லிட்டேன். அப்ப எதுக்குப் பெட்டிய பீரோ மேல தூக்கிப் போட்டீங்கன்னு கேட்டா.

எனக்குக் கோவம், வேற என்ன. 1973லயே அமெரிக்காவுல கிரைஸ்லர்காரன் எல்லாக் காருக்கும் எலக்ட்ரானிக் போட்டுட்டான், நீங்க இன்னும் பாயிண்ட்டத் தேச்சுக்கிட்டு இருக்கீங்களேன்னு அத்தன பேர் முன்னாடி கேட்டேல்ல. டார்ச் பிடிக்கச் சொல்லிக் குடுத்ததே நான்.

பெட்டி மேல அட்ரஸ் புதுசா இருந்துச்சு. உன் பேருக்கு முன்னாடி பழையபடி என் இனிஷியல். கையெழுத்து அப்படியே இருக்கு, மாறவே இல்ல.

சரி, வேலைக்கு வரேன். பாயிண்ட், கண்டன்சர் கழட்ட பத்து நிமிஷம் கூட ஆகல. மாட்யூல அதே பிளேட்ல முடுக்கி, காந்த ரிங்க நடுவுல சுத்துற கேம் மேல அழுத்தி, மேல ரோட்டார வச்சா முடிஞ்சுது. அப்புறம்தான் ஆட்டம் காட்டுச்சு. காயில்ல செவப்பு பிளஸ்ஸுக்கு கறுப்பு மைனஸுக்குன்னு தாள்ல போட்டிருந்த மாதிரியே குடுத்தேன், ஸ்டார்ட்டர் சுத்துற வரைக்கும் பிடிக்குது, சாவிய விட்டா நின்னுடுது. ரெண்டு நாள் மண்டைய ஒடச்சேன். நம்ம வண்டியில காயிலுக்கு வர்ற வழியில ரெசிஸ்டன்ஸ் ஒயர் இருக்குல்ல, ஸ்டார்ட் பண்றப்ப மட்டும்தான் முழு 12 வோல்ட், அப்புறம் ஏழு எட்டுதான் வரும், அது பாயிண்ட்டுக்குப் போதும், மாட்யூலுக்குப் பத்தாது. இக்னிஷன் சுவிட்ச்லேர்ந்து தனியா ஒரு ஒயர் இழுத்து செவப்ப அதுல சேத்தேன், காயில தொடல. ஒரே உதைல பிடிச்சுது. செப்புக் கம்பி பிளக் ஒயரயும் எடுத்துட்டு கார்பன் ஒயர் போட்டாச்சு, செப்புல வர்ற கரண்ட் எரைச்சல்ல மாட்யூல் கொழம்பிடுமாம்.

டைமிங் வைக்கிறப்ப வேக்கம் டியூப கழட்டி அடச்சிட்டு, இன்ஜின் புல்லியில இருக்குற கோட்டுல சாக்பீஸ் தடவி டைமிங் லைட் அடிச்சேன். எனக்குக் கோடு தெரியல. உங்க அம்மாதான் குனிஞ்சு பார்த்து இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம்னு சொன்னா.

தெரியலன்னு எழுதிட்டேன், இனி மறைச்சு என்ன. கண்ணு ரெண்டு வருஷமாவே சரியில்ல. பாயிண்ட்டோட இடைவெளி, கேப், 0.4 மில்லிமீட்டர்னா அத அளக்குற தகடு பாயிண்ட்டுக்கு நடுவுல போகுதா ஓரமா போகுதான்னே தெரியாம கைப்பழக்கத்துல முடுக்கிட்டு இருந்தேன். கேமுக்கு கிரீஸ் வச்சேனா இல்லயான்னும் நெனப்பில்ல. கிரீஸ் இல்லன்னா பாயிண்ட்டோட குதிகால் தேஞ்சு தேஞ்சு கேப் மூடிக்கிட்டே வரும், டைமிங் பின்னால போகும், ஸ்பார்க் செத்துப் போகும். அன்னிக்கு ராத்திரி வண்டி மழையில நின்னது அதனாலதான். நீ சோக்க இழுத்து பெட்ரோல அதிகமா விட்டு அடச்சிட்டன்னு சொன்னேன். ஓட்டத் தெரியாதவ கையில குடுத்தது என் தப்புன்னும் மாப்பிள்ளை முன்னாடியே சொன்னேன். நீ ஒண்ணுமே பேசல, பானட்டப் பிடிச்சுக்கிட்டு நனஞ்சுக்கிட்டே நின்ன. மறுநாள் விடிஞ்சதும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிய கழட்டிப் பார்த்தா பாயிண்ட் ஒட்டிக் கெடக்கு, தகடு இல்ல, முடி கூட நுழையாது. யாருக்கும் தெரியாம தேச்சு வச்சிட்டு உள்ள வந்து காபி குடிச்சேன். அன்னிக்கே உனக்கு ஒரு போன் போட்டிருக்கணும்.

கழட்டின பாயிண்ட்டையும் கண்டன்சரையும் துணில சுத்தி டிக்கில வச்சிருக்கேன், ஒரு ஸ்க்ரூ டிரைவரும் போட்டிருக்கேன். பாயிண்ட் போறதுன்னா நாலு நாள் முனகிட்டுத்தான் போகும், இது சொல்லாம கொள்ளாம நின்னுடும். மாத்துறது உனக்குத் தெரியும், இருந்தாலும் ராத்திரியில நடுரோட்டுல எறங்கி நிக்காத, ஓரமா தள்ளிட்டு எனக்குக் கூப்பிடு. புது வீட்டுல கதவு, தாழ்ப்பாள்லாம் உறுதியா இருக்கா? பக்கத்துல ஆளுங்க இருக்காங்களா? அம்மா கேக்கச் சொன்னா. வண்டி உனக்கு வேணும்னா வந்து எடுத்துக்கோ, எனக்கு இனி ராத்திரியில ஓட்ட முடியாது. எடுத்துட்டுப் போனா சாவிய மட்டும் ஆன்ல விட்டுடாத.

கிட்டுல ஒரு சின்ன பிளாஸ்டிக் வாஷர் மிச்சம் இருக்கு. எங்க போடணும்னு தாள்ல இல்ல. மேஜை மேலயே வச்சிருக்கேன், போன் பண்றப்ப சொல்லு.

அப்பா